நிட்டை எனப் பெயர்பெற்ற மூச்சடைப்பு

பட்டப்பகலில், பதிகம் ஓதிக்கொண்டிருந்தபோது, என் தோளில் கிடந்த துண்டு குத்துவிளக்கின் மேல் சரிந்து தீப்பற்றியது. தீ கையை எட்டும்வரை எனக்கு அது தெரியவில்லை. சுற்றி அமர்ந்திருந்தவர்களுக்குத் தெரிந்தது. ஆனாலும் ஒருவரும் என்னைத் தொடவில்லை. நான் நிட்டையில், இறைவனோடு ஒன்றித் தன்னை மறந்த நிலையில், இருப்பதாக அவர்கள் நம்பினார்கள். நிட்டையில் இருப்பவரைத் தொடுவது அபசாரம் என்றும் நம்பினார்கள். “யாரும் கிட்டப் போகாதீங்க. அருள் நேரம்” என்று சபைத் தலைவர் பொன்னுசாமி கையுயர்த்தித் தடுத்தாராம். பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி பழனாத்தாள் தீர்த்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து என்மேல் கவிழ்த்தாள்.

“அருளாவது ஒண்ணாவதுங்க, கை வேகுது பாருங்க” என்று அவள் கத்தியதுதான் நான் விழித்ததும் கேட்ட முதற்சொல்.

எங்கள் சபையின் முற்றோதலைப் பற்றி வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒருவர் முன்னே பாட, மற்றவர்கள் பின்னே பாட, எடுத்துக்கொண்ட பதிகங்களை முதலிலிருந்து கடைசிவரை ஒரே அமர்வில் ஓதி முடிப்பது முற்றோதல். விடியலில் விளக்கேற்றினால் மாலை விளக்கு வரையில் நடக்கும். முன்னே பாடும் இடம் எனக்கு எளிதில் வாய்த்ததன்று. என் தந்தையார் பிறருடைய தோட்டத்தில் கூலிக்கு ஏர் பிடித்தவர். சபை கூடும் மண்டபத்தின் கற்படியில் நின்று கேட்டவர், உள்ளே வந்தவரல்லர். நான் கோயமுத்தூருக்கு வந்து, பஞ்சாலையில் சேர்ந்து, உக்கடத்தில் ஒரு சந்தில் குடியிருந்து, ஆலைச் சங்கு ஓய்ந்த வேளைகளிலெல்லாம் பண்ணும் பாடமும் பயின்றேன். குரல் ஒன்றே என்னைப் படியிலிருந்து விளக்கினருகே கொண்டு சேர்த்தது. “ஏப்பா, நீயே முன்னால உக்காந்து பாடு” என்று பொன்னுசாமி என்னை அழைத்த நாளில் நான் வீட்டுக்கு வந்து அழுதேன்.

பணி ஓய்வுக்குப் பின் சில ஆண்டுகளாக எனக்கு ஒரு நிலை கூடிவந்தது. பாடிக்கொண்டிருக்கும்போதே பாட்டின் அடி தளரும். சொல் பாதியில் நிற்கும். தலை மார்பின்மேல் சாயும். உடம்பு இருப்பதே தெரியாது. பின்பு எங்கிருந்தோ ஒரு பெருமூச்சு என்னை இழுத்துத் தூக்கிப் போடும். கண்களில் நீர் வழியும். கூட்டத்தினர் அதை நிட்டை என்றார்கள்; சாமி உள்ளே போய்த் திரும்பி வருவதாகச் சொன்னார்கள். அந்தியூரிலிருந்துகூடக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு என் கையால் திருநீறு பெற வந்தார்கள். ‘ஏப்பா’ என்ற பொன்னுசாமி ‘சாமி’ என்று அழைக்கத் தொடங்கினார். வாழ்நாளெல்லாம் நான் ஓதிய பாடல்கள் எல்லாம் உருகுவதையும் தன்னை மறப்பதையும்தான் வேண்டின. வேண்டியது கிடைத்துவிட்டதென்று நானும் நம்பினேன்.

கை வெந்த அன்று பெரிய மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவுக்கு என்னை ஆட்டோவில் கொண்டுசென்றார்கள். புண்ணைத் துடைத்துக் கட்டுப்போட்டு, வலிக்கு ஊசி போட்டு, ஒரு கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். உடனே உறங்கிப்போனேன். அதன்பின் நடந்ததைப் பழனாத்தாள் சொல்லித்தான் அறிவேன்.

கட்டுப்போட்ட நர்ஸ், “டாக்டர், இவரு மூச்சு உடலீங்க” என்று பதறியிருக்கிறாள்.

“அது அப்படித்தானுங்க கண்ணு” என்றாளாம் என் மனைவி, சாதாரணமாக. “கொறட்டை நிக்கும், மூச்சும் நிக்கும். தொட்டு உலுக்குனா இழுத்துக்குவாருங்க. ராத்திரியெல்லாம் இதுதானுங்க பொழப்பு.”

அடுத்த கட்டிலில் வேறொரு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் மருத்துவர் அதைக் கேட்டுத் திரும்பினார். நெஞ்சு நோய்களுக்கானவர். “ராத்திரியெல்லாமா? எத்தன நாளா?”

“அவருக்கு அருள் வர்றதுக்கு முன்னால இருந்தேதானுங்க.”

“அப்ப நீங்க எப்பத் தூங்குவீங்க?”

என் மார்பின்மேல் கையை வைத்தபடியேதான் அவள் படுப்பாள்; அந்தக் கை ஏறி இறங்காமற் கிடந்தால் எழுந்து என்னை உலுக்குவாளென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அது அன்பின் பழக்கமென்று எண்ணியிருந்தேன். ஓதுகிற மனிதரின் உறக்கத்தைப் பற்றி வெளியே குறை சொல்லக்கூடாதென்று அவள் வாய்திறவாமல் இருந்திருக்கிறாள்.

நான் விழித்ததும் மருத்துவர் எங்கள் பையைத் திறக்கச் சொல்லி மாத்திரைகளைப் பார்த்தார். இரத்த அழுத்தத்துக்கு ஒன்று. மற்றது தூக்க மாத்திரை. எங்கள் தெருவிலுள்ள ஒரு மருத்துவர், பகலில் நான் சோர்ந்து விழுவதைக் கேட்டு, நரம்புத்தளர்ச்சி என்று சொல்லி, இரவில் ஆழ்ந்து உறங்குவதற்காக எழுதிக்கொடுத்தது. “இதை இன்னிக்கே நிறுத்திருங்க ஐயா” என்றார் டாக்டரம்மா. தூக்க மாத்திரை தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். விழித்து மூச்சு வாங்கவேண்டிய மூளையையும் மயக்கிவைக்கும். மூச்சு திணறுகிறவன் கழுத்தில் ஒரு துணியையும் சுற்றியது போன்றது அது. அந்தத் தெரு மருத்துவரின் வாசலை இன்றைக்கும் நான் முகம் திருப்பியே கடக்கிறேன்.

கைப்புண் ஆறும்வரை மருத்துவமனைக்குப் போய்வந்தோம். வெளிநோயாளிகள் கூடத்தில் காத்திருப்பதே பெரும் தண்டனை. பெஞ்சில் அமர்ந்ததும் எனக்குக் கண் செருகும். ஒருமுறை விழித்தபோது எதிரிலிருந்தவர்கள் வாய்பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்திலிருந்த பொள்ளாச்சிக்காரர், “ஏனுங்க, லோடு லாரி மலை ஏறுற மாதிரியே இருந்துச்சுங்க. நின்னுபோச்சேன்னு பாத்தா மறுக்கா கெளம்புது” என்றார்.

“உங்குளுக்குச் சிரிப்பா இருக்குது. அந்த லாரிய ராத்திரியெல்லாம் தள்ளி உடறவ நானுங்க” என்றாள் பழனாத்தாள். அவர் அதன்பின் சிரிக்கவில்லை.

உறக்கத்தைச் சோதிக்கும் கருவி அந்த மருத்துவமனைக்கு அப்போதுதான் வந்திருந்தது. அதற்காக ஓர் இரவு அங்கே தங்கினேன். தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டினார்கள். மார்பிலும் வயிற்றிலும் பட்டைகள். மூக்கினடியில் மூச்சை உணரும் ஒரு சிறு கருவி. விரலில், இரத்தத்திலுள்ள ஆக்சிஜனை அளக்கும் கவ்வி. நெற்றியிலும் ஒன்று ஒட்டவேண்டுமென்று நர்ஸ் தயங்கி நின்றாள். கழுத்தில் சிலுவை போட்டிருந்த பெண்.

“திருநீறு மேல பசை நிக்காதுங்க ஐயா. தொடச்சுக்கலாமுங்களா?”

நினைவு தெரிந்த நாள்முதல் வெறும் நெற்றியோடு நான் படுத்ததில்லை. நானே துடைத்துக்கொண்டேன். விடிந்ததும், நான் கேட்பதற்கு முன்பே, தலைப்பசையை வெந்நீரில் துடைத்துவிட்டு என் திருநீற்றுப் பையைக் கையில் கொண்டுவந்து வைத்தாள். அந்த மருத்துவமனை நாட்களில் எனக்குக் கிடைத்த மரியாதைகளில் அதை மட்டும் கசப்பின்றி நினைத்துக்கொள்கிறேன்.

முடிவைச் சொல்ல டாக்டரம்மா எங்கள் இருவரையும் அமரவைத்து, நீண்ட தாளை மேசைமேல் விரித்தார். “இந்தக் கோடு உங்க மூச்சு. இங்க பாருங்க, படுத்துக்கிச்சு. கீழ இருக்கறது நெஞ்சும் வயிறும். அது ரெண்டும் இழுத்துட்டேதான் இருக்குது. காத்து மட்டும் போகல.”

நோயின் பெயர் ஸ்லீப் ஆப்னியா. உறக்கத்தில் நேரும் மூச்சுத்தடை. விழித்திருக்கையில் தொண்டைத் தசைகள் வழியைத் திறந்து பிடித்திருக்கும். உறங்கும்போது எல்லோருக்கும் அவை தளரும். என்னைப்போல் கழுத்து தடித்து, உள்வழி குறுகி இருப்பவர்களுக்கு வழியே ஒட்டிக்கொள்ளும். காற்றுப்போன சைக்கிள் டியூபின் இரு சுவர்களும் ஒட்டுவதுபோல, என்றார். ஆக்சிஜன் இறங்கும். மூளை அஞ்சி உடம்பை உசுப்பும். தொண்டை திறந்து மூச்சு வரும். மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. எனக்கு ஏறக்குறைய நிமிடந்தோறும் அப்படி நடந்தது.

“நான் ராத்திரி பூராவும் தூங்கறேனுங்களே டாக்டரம்மா.”

“தூங்கறதா நீங்க நினைக்கறீங்க. உங்க மூளை விடிய விடியக் காவல் நிக்குது. அதுதான் பகல்ல சாயுது. இப்படியே விட்டா இரத்த அழுத்தம் அடங்காது. இருதயம் கெடும். பக்கவாதம் வரும்.”

நான் அவரிடம் முற்றோதலைப் பற்றிச் சொன்னேன். சொல் பாதியில் நிற்பதையும், உடம்பு மறைவதையும், திரும்பும்போது கண்ணீர் பெருகுவதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அதை மட்டும் அவர் வேறாகப் பிரித்துத் தருவாரென்று எதிர்பார்த்தேன்.

தாளைச் சுருட்டிக்கொண்டே, “அதுவும் இதுதானுங்க ஐயா” என்றார்.

புற்றுநோய் என்று சொல்லியிருந்தால்கூட அந்த அளவு நான் உடைந்திருக்கமாட்டேன். நோயை ஊழ் என்று ஏற்க எனக்குப் பயிற்சி உண்டு. பெற்ற அருளைப் பிடுங்கிக்கொண்டு, அந்த இடத்தில் தொண்டைச் சதையை வைத்துவிட்டுப் போவதை ஏற்க எந்தப் பதிகமும் கற்றுத்தரவில்லை. உருகினேன் என்று நான் எண்ணிய பொழுதெல்லாம் உறங்கினேன். அழுதேன் என்று எண்ணியதெல்லாம் மூச்சு முட்டியவனின் கண்ணீர். வீடு திரும்பும் வழியில் பஸ்ஸில் பழனாத்தாள் என் கட்டுப்போட்ட கையைத் தன் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அதுவும் எனக்கு அன்றைக்குப் பொறுக்கவில்லை.

சிகிச்சை பலவாறாக உண்டு. உடல் எடையைக் குறைப்பது முதலாவது. அது எல்லோருக்கும் விதிக்கப்படுவது, மெல்லத்தான் பலன் தரும். மல்லாக்கப் படுக்கக்கூடாது, அப்படிப் படுத்தால் நாக்கு பின்னால் சரிந்து வழியை மூடும். புரளாமலிருக்க ஒரு பந்தைச் சட்டை முதுகில் தைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. பழனாத்தாள் என் பனியனில் பை வைத்து, பந்துக்குப் பதிலாக ஒரு கொட்டாங்குச்சியைத் தைத்தாள். “பந்துன்னா அமுங்கிப்போகுமுங்க. இது உறுத்துச்சுன்னாத்தான் நீங்க திரும்புவீங்க” என்றாள். உறுத்தியது. திரும்பினேன். ஆயினும் என் நோய்க்கு அது மட்டும் போதவில்லை. கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும் பல்கருவி ஒன்று மேல்நாடுகளில் உண்டாம், இங்கே செய்வாரில்லை. முற்றிய நிலையில் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பார்கள். அப்போது மூச்சு தொண்டைக்குக் கீழேயே போய்வரும். எஞ்சியவை இரண்டு. ஒன்று, உள்நாக்கையும் மெல்லண்ணத்தையும் அறுத்து வழியை அகலப்படுத்துவது. மற்றது, மூக்கில் மூடி பொருத்தி இரவெல்லாம் காற்றை அழுத்தி ஊதும் இயந்திரம். உள்ளே காற்று நின்றால் டியூபின் சுவர்கள் ஒட்டமாட்டா.

அறுவை செய்பவர் வேறொருவர். என் வாயில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, வெட்டிவிடலாம், சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்.

“வெட்டுனா சரியாப் போயிருமுங்களா?”

“சிலருக்குச் சரியாகும். சிலருக்குக் குறட்டை மட்டும் குறையும்.”

“கொரலு?”

“கொஞ்சம் மூக்கால பேசற மாதிரி ஆகலாம். தண்ணி குடிச்சா மூக்குல வரலாம். எல்லாருக்கும் வரும்னு சொல்லல.”

“நான் ஓதறவனுங்க.”

அவர் விளக்கை அணைத்துவிட்டுச் சிரித்தார். “இந்த வயசுல பாடி என்ன பண்ணப்போறீங்க பெரியவரே? உசுரு பெருசா, பாட்டு பெருசா?”

குரலில்லாமல் அந்த மண்டபத்தில் எனக்கு எந்த இடம் உண்டென்று அவருக்கு எப்படித் தெரியும்? அருள் இல்லையென்று ஆகிவிட்டது. குரலும் போனால் நான் கற்படிக்குத்தான் திரும்ப வேண்டும். இயந்திரத்தைக் கேட்டேன்.

அது வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட வேண்டியிருந்தது. வந்து சேர்ந்தபோது பழனாத்தாளின் கழுத்தில் தாலிக்கயிறு மட்டுமே எஞ்சியிருந்தது. அவள் அதைப்பற்றிப் பேசியதில்லை. நான் எழுதுவதும் இவ்வளவோடு சரி.

முதல் வாரம் நரகம். மூடியின் வார்கள் கன்னத்தைப் பதம்பார்த்தன. மூக்கு வறண்டு இரத்தம் கசிந்தது. வாயைத் திறந்தால் காற்று வாய்வழியே பீறிட்டது. மின்சாரம் போனால் இயந்திரம் நின்று, நான் மூடியைப் பிய்த்தெறிந்துகொண்டு எழுவேன். அந்த நீண்ட குழாயோடு என்னை முதன்முதலில் பார்த்த பழனாத்தாள் சேலைத்தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

“என்ன புள்ள சிரிக்கற?”

“ஏனுங்க, தும்பிக்கை மொளச்ச மாதிரி இருக்குதுங்க. ஒரு கொழுக்கட்டை செஞ்சு வெக்கட்டுங்களா?”

மூடி பழகிப்போன ஒரு காலையில், வெயில் சன்னலில் ஏறிய பிறகு கண் விழித்தேன். தலை கனக்கவில்லை. நாக்கு வறளவில்லை. பக்கத்தில் சென்னிமலைப் போர்வைக்குள் பழனாத்தாள் உறங்கிக்கொண்டிருந்தாள். அவள் கை என்மேல் இல்லை. அவள் உறங்குவதை நான் எத்தனையோ ஆண்டுகளாகப் பார்த்ததே இல்லையென்று அப்போதுதான் உறைத்தது. எழுப்பாமல் நானே பால் வாங்கிவந்தேன்.

மறு முற்றோதல் நெருங்கியது. பொன்னுசாமி பழங்களோடு வீட்டுக்கு வந்தார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் அறையினுள் எட்டி இயந்திரத்தைப் பார்த்தார். பின்பு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நோயின்னு வெளியில சொல்லிப்போடாதீங்க சாமி. சனம் உங்குளுக்கோசரம்தான் வருது. ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனக்காதீங்க. முற்றோதலுக்கு முன்னால ஒரு நாலு நாளைக்கு இத ஓரமா எடுத்து வெச்சுட்டீங்கன்னா, அந்தப் பழைய நெலை வந்துருமில்லீங்களா?”

சினம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. ஏனென்றால், அதே எண்ணம் எனக்கும் இருந்தது. இயந்திரம் வந்ததிலிருந்து நான் பதிகங்களைத் தெளிவாக ஓதுகிறேன். ஒவ்வொரு சொல்லும் எங்கே முடிகிறதென்று அறிகிறேன். ஆனால் ஒருமுறையும் மூழ்கவில்லை. அந்த இருட்டின் இனிமை பொய்யென்று தெரிந்த பின்னும் அதற்காக ஏங்கினேன்.

எனக்கு முன்பாகப் பழனாத்தாள் பேசினாள். சமையலறையிலிருந்து வந்து, எப்போதும் அவர் முன் நிற்கும் இடத்தைவிட ஓரடி முன்னே நின்றாள்.

“அவுரு கை எரியறப்ப யாரும் தொடாதீங்கன்னு சொன்னீங்களே, அப்ப உங்கள நான் ஒண்ணும் கேக்கலீங்க. இப்பச் சொல்றேன். மறுக்கா ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடக்க என்னால ஆகாதுங்க. உங்குளுக்கு அருள் வேணும்னா நீங்க கொண்டுபோய் உங்க ஊட்டுல வெச்சுப் பாத்துக்கோங்க.”

பொன்னுசாமி பழத்தட்டை வைத்துவிட்டுப் போனார். நான் இயந்திரத்தை ஓர் இரவும் நிறுத்தவில்லை. என் திடத்தால் அப்படிச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். இரவில் மார்பின்மேல் ஒரு கையை மீண்டும் உணர எனக்கு நாணமாக இருந்தது.

முற்றோதலன்று விடியலில் தொடங்கி மாலை விளக்கு வரையில் கண் அயராமல் ஓதினேன். ஓரடி பிசகவில்லை. குரல் அறுபடவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு முழுமையாக நான் ஓதியதில்லை. நண்பகலுக்குப் பின் கூட்டம் நெளியத் தொடங்கியது. அந்தியூர்ப் பெண் ஒருத்தி, மடியில் குழந்தையோடு, பக்கத்திலிருந்தவளிடம் கேட்டது என் காதிலும் விழுந்தது: “ஏனக்கா, இன்னிக்கிச் சாமி வரலீங்களா?” மாலை தீபாராதனையின்போது மண்டபத்தில் பாதிப்பேர் இல்லை. பிரசாதம் தந்த பொன்னுசாமி என்னைப் பெரியவரே என்றார். அடுத்த ஆண்டு முன்னே பாட வேறொருவரை வைத்துக்கொள்ளலாம், உங்கள் உடம்புக்கு ஆகாது என்றும் சொன்னார். இப்போது நான் தூணருகே அமர்ந்து பின்பாட்டுப் பாடுகிறேன். உள்ளேதான் அமர்கிறேன், படியில் நிற்கச் சொல்லவில்லை.

முன்னே அமர்ந்திருப்பவர் என்னிலும் இளையவர். நல்ல குரல். பருத்த கழுத்து. மதியத்துக்குப் பின் அவருடைய சொல் பாதியில் நிற்கிறது, தலை சாய்கிறது, ஒரு பெருமூச்சோடு நிமிர்ந்து கண்ணீர் வடிக்கிறார். கூட்டம் கை கூப்புகிறது. இம்முறை நான் முதல் ஆளாக எழுந்து, விளக்கை அவரிடமிருந்து நகர்த்தி வைத்தேன். பொன்னுசாமி முறைத்தார்.

அந்த இளையவரின் மனைவியிடம் போய், இரவில் மூச்சு நின்று வருகிறதா என்று மட்டும் கேட்டுவரும்படி பழனாத்தாளை அனுப்பினேன். போன வேகத்திலேயே திரும்பினாள்.

“என்ன சொன்னாங்க?”

“எடத்தைப் பறிகொடுத்த பொறாமைன்னு சொன்னாங்க.”

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு, “ஆனா அந்தப் பொண்ணு கண்ணுக்குக் கீழ கருகருன்னு கெடக்குதுங்க. என்னையாட்டமே” என்றாள்.

அதனால்தான் இதை எழுதினேன். அந்த இளையவர் இதைப் படிக்கமாட்டார். அந்தப் பெண் படிக்கக்கூடும்.